நாகா மலையில் கரையும் சிறப்புப் படை

கேள்வி: உத்திரமேரூர் வட்டத்தில் சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊர். காஞ்சிபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் நானும் சித்தப்பா மகனும் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ என்ற கணினிப் போர் ஆட்டம் ஆடுகிறோம். நான் எப்போதும் பிரிட்டிஷ் இந்தியாவைத்தான் எடுப்பேன். 1942-ல் ஜப்பான் பர்மா வழியாக வரும் என்று தெரிந்து, முன்கூட்டியே சிறப்புப் படைகளைத் திரட்டினேன். மலைப்படை மூன்று பட்டாலியன், மரீன் மூன்று, பாராசூட் மூன்று என்று ஒரே டிவிஷனில் கலந்து, ஆட்டம் அனுமதிக்கும் வரம்பு வரை உருவாக்கினேன். எல்லாவற்றையும் எல்லையில் வரிசையாக நிறுத்தினேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாகா மலைகளில் அவை கரைந்துபோகின்றன, ஜப்பான் அசாமுக்குள் வந்துவிடுகிறது. சிறப்புப் படையே வீண், சாதாரணக் காலாட்படை போதும் என்கிறான் சித்தப்பா மகன். யார் சொல்வது சரி? நம் சோழர்களிடம் இப்படிச் சிறப்புப் படை இருந்ததா? எங்கள் ஊர்க் கல்வெட்டில் அதைப் பற்றி ஏதாவது உண்டா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் டெம்ப்ளேட்டைச் சரிசெய்துவிடுவோம். உங்கள் தோல்வியில் பாதி அங்கேயே இருக்கிறது. இந்த ஆட்டத்தில் மலை, காடு, ஆறு, கடற்கரை ஆகியவற்றுக்கு ஒரு டிவிஷன் பெறும் கூடுதல் பலம், அதற்குள் இருக்கும் பட்டாலியன்களின் சராசரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. மூன்று மலைப்படையோடு ஆறு வேறு பட்டாலியன்களைச் சேர்த்தால், மலைப்படையின் பலம் மூன்றில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். மரீன்களுக்கும் அதே கதி. பாராசூட் நிலைமை இன்னும் மோசம். பாராசூட் அல்லாத ஒரு பட்டாலியன் உள்ளே இருந்தாலும் அந்த டிவிஷன் விமானத்திலிருந்து குதிக்கவே முடியாது. ஆக, நீங்கள் உருவாக்கியது மலையிலும் முழுப்பலம் இல்லாத, கடலிலிருந்தும் முழுப்பலத்தோடு இறங்க முடியாத, வானத்திலிருந்து குதிக்கவும் முடியாத ஒரு படை. அதற்குக் கொடுத்த விலையோ சாதாரணக் காலாட்படையைவிட அதிகம். பயிற்சிக்குக் கூடுதல் நாள், கையில் கொடுக்கக் கூடுதல் துப்பாக்கி. ஆள் பலமும் குறைந்த தொழிற்சாலையும் கொண்ட பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் துப்பாக்கிதான் பெரிய பஞ்சம்.

ஒரு டிவிஷன் ஒரு வகை என்று பிரித்துவிடுங்கள். இது எளிய திருத்தம், பத்து நிமிட வேலை. மீதிப் பாதிதான் கடினம்.

வரம்பு வரை உருவாக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரம்பு ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஆட்டம் 2016-ல் வந்தபோது அது கிடையாது. 2018-ல் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். மொத்தப் பட்டாலியன்களில் நூற்றுக்கு ஐந்து, சிறிய நாடாக இருந்தால் குறைந்தது 24 என்பது அதன் அடிப்படை. ஆராய்ச்சியாலும் கோட்பாட்டுத் தேர்வாலும் அது ஏறும், பதிப்புக்குப் பதிப்பு எண்ணும் மாறும், ஆகவே உங்கள் திரையில் தெரிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட அதன் பின்னாலிருக்கும் எண்ணம் முக்கியம். அது ஆட்டம் செய்தவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. நீங்கள் ஆடும் அதே பர்மா முனையில், 14-ஆம் ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்லிம் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். 1956-ல் வெளிவந்த தன் ‘டிஃபீட் இன்டு விக்டரி’ நூலில் சிறப்புப் படைகளைப் பற்றி அவர் சொல்லும் வாதத்தின் சாரம் இதுதான்: தேர்ந்த ஆட்களையெல்லாம் பொறுக்கி ஒரு தனிப்படைக்குக் கொண்டுபோனால், மீதிப் படையின் தரம் இறங்குகிறது. அதைவிடக் கெடுதலாக, கடினமான வேலை என்றாலே அது நமக்கானதல்ல, சிறப்புப் படைக்கானது என்று சாதாரணச் சிப்பாய் நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

இது வெறும் கருத்து அல்ல. டோப்ருக் முற்றுகையில் போரிட்டுத் தேறிய 70-ஆம் பிரிட்டிஷ் டிவிஷன் 1942-ல் இந்தியாவுக்கு வந்து காட்டுப் போருக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தது. அதை அடுத்த ஆண்டு கலைத்து, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் என்ற சிறப்புப் படைக்குப் பிரிகேடுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு முழு டிவிஷன் தன் பீரங்கிகளோடு முனையில் நின்று சாதித்திருக்கக்கூடியதை அந்தப் பிரிகேடுகள் சாதித்தனவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், ஸ்லிம் பக்கம்தான் நிற்பேன்.

சிண்டிட்களின் வீரத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 1943 பிப்ரவரியில் ஏறத்தாழ 3,000 பேர் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து எதிரியின் முதுகுக்குப் பின்னால் போனார்கள். கோவேறு கழுதைகள் சுமக்க, விமானம் போடும் உணவை நம்பி நடந்தார்கள். 818 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் சுமார் 600 பேர் மறுபடி போருக்கு லாயக்கில்லாத அளவுக்கு உடைந்துபோயிருந்தார்கள். அவர்கள் தகர்த்த ரயில்பாதையை ஜப்பானியர் விரைவில் செப்பனிட்டுவிட்டார்கள். 1944 மார்ச்சில் இன்னும் பெரிய படை கிளைடர்களில் இறங்கியது. அதே மாதம் 24-ஆம் தேதி விமான விபத்தில் விங்கேட் இறந்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கனரகப் பீரங்கி இல்லாத, வேகமாக நகர்ந்து அடிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட அந்தப் படையைச் சாதாரணக் காலாட்படை போலக் கோட்டை பிடிக்கவும் நிலம் காக்கவும் ஏவினார்கள். மழைக்காலத்தில், மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாட்ட, மொகாங் நகரைப் பிடித்தார்கள். ஜூலையில் 111-ஆம் பிரிகேடுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தபோது 2,200 பேரில் 118 பேர்தான் தகுதியோடு இருந்தார்கள். அந்தப் பிரிகேடை நடத்திய ஜான் மாஸ்டர்ஸே தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்த எண் இது.

உங்கள் டிவிஷன்கள் நாகா மலையில் கரைவதும் இதே காரணத்தால்தான். எல்லைக் கோட்டில் மாதக்கணக்கில் வரிசையாக நிறுத்திவிட்டீர்கள். கெட்டி மண்ணைப் பிளக்கக் கடப்பாரை வேண்டும், ஆனால் வரப்பு போடுவது மண்வெட்டி வேலை. கோடு காப்பது காலாட்படையின் வேலை. அதற்கு வேண்டியது ஆழமான அகழி, நிறைய ஆட்கள், பீரங்கி, விடாத சப்ளை.

சாங்சாக்கைச் சொல்லாமல் இதை விட முடியாது. 1941 அக்டோபரில் டெல்லியில் 50-ஆவது இந்திய பாராசூட் பிரிகேடை உருவாக்கினார்கள். 151 பிரிட்டிஷ், 152 இந்திய, 153 கூர்க்கா பாராசூட் பட்டாலியன்கள். நீங்கள் ஆட்டத்தில் உருவாக்க நினைக்கும் படையின் அசல் அதுதான். ஆனால் முதல் பெரும்போரில் அவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1944 மார்ச்சில், மணிப்பூரின் உக்ருல் பகுதியில் சாங்சாக் என்ற மலையூரில், கோஹிமாவை நோக்கி வந்த ஜப்பானிய 31-ஆம் டிவிஷனின் ஒரு பெரும்பிரிவு அவர்கள் மேல் வந்து மோதியது. முள்கம்பி இல்லை. பாறை நிலத்தில் அகழி ஆழமாக இறங்கவில்லை. குடிநீர் தட்டுப்பாடு. விமானம் போட்ட பொருளில் பெரும்பகுதி எதிரியின் பக்கம் விழுந்தது. 26-ஆம் தேதி இரவு வரை தாங்கினார்கள். பிரிகேடு ஏறத்தாழ 600 பேரை இழந்தது. அவர்கள் வாங்கிக் கொடுத்த அந்தச் சில நாட்கள்தான் கோஹிமாவையும் இம்பாலையும் வலுப்படுத்த உதவின. அது மகத்தான தியாகம். ஆனால் பாராசூட் பயிற்சிக்குச் செலவிட்ட இரண்டரை ஆண்டுகள் அந்தப் பாறை மேல் பயன்படவில்லை. முள்கம்பியும் நல்ல அகழியும் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அந்தப் போரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நாள், 1945 மே 1. ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் எலிஃபென்ட் பாயின்ட் என்ற இடம். அங்கிருக்கும் பீரங்கிகளை அகற்றினால்தான் 26-ஆம் இந்திய டிவிஷனைச் சுமந்துவரும் படகுகள் ஆற்றுக்குள் நுழைய முடியும். கூர்க்கா பாராசூட் வீரர்களைக் கொண்ட ஒரே ஒரு பட்டாலியன் குதித்தது. நம் தரப்பு விமானங்களின் குண்டே அவர்களில் சிலர் மேல் விழுந்ததும் நடந்தது. ஆனாலும் அன்றைக்கே இடத்தைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் படகுகள் உள்ளே போயின. ஜப்பானியர் அதற்குள் ரங்கூனை விட்டுப் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அது திட்டத்தின் தரத்தைக் குறைக்காது. ஒரு இடம், ஒரு வேலை, பின்னால் வருவது யார் என்று முன்கூட்டியே முடிவு. சிறப்புப் படையை உருவாக்குவதற்கு முன் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தத் துப்பாக்கிகளைக் காலாட்படைக்கே கொடுத்துவிடலாம்.

இனி உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். 1936-லிருந்து தொடங்குங்கள். முதல் சில ஆண்டுகள் சிறப்புப் படை என்ற பேச்சே வேண்டாம். ஒன்பது காலாட்படைப் பட்டாலியன், கூடவே சப்போர்ட் கம்பெனியாக எஞ்சினியரும் பீரங்கியும். இந்த எளிய டிவிஷன்தான் உங்கள் கோடு. எஞ்சினியர் இருந்தால் அகழி ஆழமாகும், மலையிலும் ஆற்றங்கரையிலும் அதன் பலன் நன்றாகத் தெரியும். உண்மையிலும் 1943-ல் இந்திய ராணுவம் இதைத்தான் செய்தது. பர்மாவின் அரக்கான் பகுதியில் கண்ட தோல்விக்குப் பிறகு, சாதாரணக் காலாட்படைக்கே காட்டுப் போர் கற்றுக்கொடுக்க 14, 39 என்ற இரண்டு டிவிஷன்களைப் பயிற்சி டிவிஷன்களாக மாற்றி, ஒன்றைச் சிந்த்வாராவிலும் மற்றொன்றை சஹாரன்பூரிலும் வைத்தார்கள். இம்பாலையும் கோஹிமாவையும் காத்தவர்கள் பெரும்பாலும் அப்படித் தேறிய சாதாரணச் சிப்பாய்கள்.

அடுத்தது சப்ளை. நாகா மலையில் நீங்கள் தோற்பது பாதி பட்டினியால் என்று சந்தேகிக்கிறேன். சப்ளை வரைபடத்தைத் திறந்து பாருங்கள், எல்லையோரம் சிவந்திருக்கும். அசலிலும் இம்பால் முனைக்கு ரயில் திமாபூர் வரைதான் உதவியது. அங்கிருந்து இம்பாலுக்கு மலைச்சாலைதான். 2021-ல் வந்த ‘நோ ஸ்டெப் பேக்’ பதிப்பிலிருந்து ரயில்பாதையும் சப்ளை மையமும் ஆட்டத்தின் உயிர்நாடி. 1940-க்குள் அசாம் வரையிலான ரயில்பாதையை மேம்படுத்தி, எல்லைக்கு அருகே ஒரு மையம் கட்டுங்கள். அது தாங்கும் அளவுக்கு மேலே டிவிஷன்களைக் குவிக்காதீர்கள். பத்து டிவிஷன் பட்டினி கிடப்பதைவிட ஆறு டிவிஷன் வயிறாரச் சாப்பிட்டு நிற்பது மேல்.

இதன் பிறகுதான் மலைப்படை. உங்கள் முனைக்குப் பொருத்தமான ஒரே சிறப்புப் படை அதுதான் என்பேன். நான்கு டிவிஷன் போதும். உள்ளே மலைப்படைப் பட்டாலியன்கள் மட்டும், எஞ்சினியர், பீரங்கி, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, முடிந்தால் மருத்துவமனை. லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி சப்ளைத் தேவையைக் குறைக்கும். மருத்துவமனை ஆளையும் மிச்சப்படுத்தும், அனுபவத்தையும் காக்கும். சிறப்புப் படையில் அனுபவம்தான் சொத்து. பழகிய ஆள் விழுந்து புதிய ஆள் வந்தால் டிவிஷனின் தரம் இறங்கிவிடும். பயிற்சி முழுதும் முடியும்வரை களத்தில் இறக்க வேண்டாம். அவசரப்பட்டுப் பாதிப் பயிற்சியில் வெளியே எடுத்தால் மலைப்படைக்குச் செலவிட்டது வீண்.

அந்த நான்கையும் கோட்டில் நிறுத்தாதீர்கள். பின்னால் சப்ளை மையத்தருகே வைத்திருங்கள். மலை மாகாணங்களில் போர்முனை அகலம் சமவெளியைவிடக் குறைவு, ஒரே நேரத்தில் சில டிவிஷன்கள்தான் மோத முடியும். இடம் நெருக்கமாக இருக்கும் அங்கே எண்ணிக்கையைவிடத் தரம் பேசும். காலாட்படை ஜப்பானியனை நிறுத்தி, அவன் ஆர்கனைசேஷன் (நின்று போரிடும் திறன்) கரையத் தொடங்கியதும், ஒரே ஒரு மலை மாகாணத்தின் மேல் நான்கையும் ஏவுங்கள். சிண்ட்வின் ஆற்றைக் கடக்கும் வழி திறந்ததும் அவற்றைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். திறந்த வழியில் காலாட்படை நடக்கட்டும். வெற்றி கிடைத்த உற்சாகத்தில் அவற்றை அங்கேயே விட்டுவைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

மரீன்கள் 1943 வரை வேண்டாம். ரங்கூனிலோ அக்யாபிலோ இறங்க இரண்டு டிவிஷன் போதும், அதுவும் பிரிட்டிஷ் கடற்படை வங்கக்கடலைத் தன் கையில் வைத்திருந்தால்தான். துறைமுகத்தைப் பிடித்ததும் அதன் வழியாகக் காலாட்படை வந்து சேர வேண்டும். துறைமுகம் கைக்கு வராத கடற்கரையில் இறங்கிய படை சில வாரங்களில் வாடிவிடும்.

பாராசூட்டுக்குப் போக்குவரத்து விமானம், வானத்தில் மேலாதிக்கம், எட்டும் தூரத்தில் விமானத்தளம் மூன்றும் வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு இது பெரிய செலவு. ஆசை இருந்தால் ஒரே ஒரு சிறிய டிவிஷன் வையுங்கள். குதிக்கும் நாளும் தரைப்படை தாக்கும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 11-ல் நம் 2 பாரா பட்டாலியன் டாங்கைலில் குதித்துப் பூங்லி பாலத்தைப் பிடித்தபோது, வடக்கிலிருந்து வந்த மராத்தாப் படை அன்று மாலையே அவர்களோடு வந்து சேர்ந்தது. மைமன்சிங்கிலிருந்து பின்வாங்கிய பாகிஸ்தான் பிரிகேடின் வழி அடைபட்டது. அப்படிச் சேர முடியாத இடத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1987 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் நடந்தது சாட்சி. ஹெலிகாப்டரில் இந்திய ராணுவத்தின் 10 பாரா கமாண்டோக்களும் 13 சீக் லைட் இன்ஃபன்ட்ரியின் வீரர்களும் இறக்கப்பட்டார்கள். வரவை எதிர்த்தரப்பு முன்பே அறிந்திருந்தது. இறங்க முடிந்த 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மறுநாள் டாங்கிகளோடு போய் மீட்க வேண்டியிருந்தது. அந்த இரவையும் அதற்குப் பின் வந்த நாட்களையும் யாழ்ப்பாணத்து மக்கள் தங்கள் வீட்டுச் சாவுகளோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். தம்பி, திரையில் ஒரு டிவிஷன் மறைந்தால் மறுபடி பட்டனை அழுத்தலாம். இந்த ஆட்டத்தை ஆடுகிற ஒவ்வொருவரும் அசல் கதையையும் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் எழுதுவது இதற்காகத்தான்.

புதிய பதிப்புகளில் சிறப்புப் படைக்கென்று தனிக் கோட்பாட்டுப் பகுதி இருக்கிறது, 2023-ல் ‘ஆர்ம்ஸ் அகெய்ன்ஸ்ட் டிரனி’யோடு வந்தது. அதில் மலைப்படைக் கிளையை மட்டும் தொடருங்கள். அனுபவப் புள்ளிகளை மூன்று கிளைக்கும் பிரித்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

சோழர்களைப் பற்றி: உங்கள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பதைப் பேசுகின்றன. படையைப் பற்றியவை அல்ல. ஆனால் சோழர் காலத்துப் பிற கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் நிறைய வருகின்றன. சமரகேசரித் தெரிந்த கைக்கோளர், விக்கிரமசிங்கத் தெரிந்த கைக்கோளர் என்ற இரண்டும் உங்கள் பராந்தகனின் விருதுப்பெயர்களால் அமைந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இத்தகைய பல பிரிவுகள் கோயில் அறக்கட்டளைகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீசுவரத்தில் மூன்றுகை மகாசேனை தன் வெற்றிகளைப் பட்டியலிட்டு, அந்தக் கோயிலைத் தன் பாதுகாப்பில் ஏற்றதாகக் கல்வெட்டு இருக்கிறது. இவற்றில் எவை நாம் இன்று சொல்லும் பொருளில் சிறப்புப் படை, எவை வழக்கமான படைப்பிரிவு என்று கல்வெட்டுகளை வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது.

வேளைக்காரர் கதை அவற்றில் தனி. மன்னனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சபதம் எடுத்த மெய்க்காப்பாளர் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் விளக்கம். இலங்கையில் முதலாம் விஜயபாகுவின் படையிலும் அவர்கள் இருந்தார்கள். சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது மறுத்துக் கிளர்ந்தார்கள் என்கிறது இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். விஜயபாகு அந்தக் கிளர்ச்சியைக் கடுமையாக ஒடுக்கினான். ஆனாலும் அவன் காலத்துக்குப் பிறகு பொலன்னறுவையில் புத்தரின் தந்தத் தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை அதே வேளைக்காரர் ஏற்றார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது. தேர்ந்த படைக்குத் தனி மனமும் தனி மானமும் உண்டு, யாரோடு மோத மாட்டோம் என்பதையும் அது தீர்மானிக்கும். உங்கள் ஆட்டத்தில் இந்தக் கணக்கு இல்லவே இல்லை, அது அந்த ஆட்டத்தின் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சித்தப்பா மகனோடு உள்ள வழக்குக்குத் தீர்ப்பு கேட்டீர்கள். 1942 வரை அவர் சொல்வது சரி, காலாட்படையும் ரயில்பாதையும்தான் உங்களைக் காப்பாற்றும். திருப்பி அடிக்கத் தொடங்கும் நாளிலிருந்து நீங்கள் சொல்வது சரி, நான்கு டிவிஷன் அளவுக்கு மட்டும். அடுத்த ஆட்டத்தில் ஜப்பானை அவரிடம் கொடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். கணினி ஆடும் ஜப்பானைவிட அவர் உங்கள் சப்ளைப் பாதையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார். 1944 மார்ச் வரை கொண்டுபோய், கோடு எந்த ஆற்றில் நிற்கிறது, திமாபூருக்கு அப்பால் எத்தனை டிவிஷன் சாப்பிடுகிறது என்று எழுதுங்கள். ரங்கூனுக்கு மரீன்களை அனுப்பலாமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.